முழங்கால் ஆபரேஷனும் சைக்கிளும்: மிதிக்க முடிவதை மட்டும் நம்பாதீர்கள்

சைக்கிள் மிதிக்கும்போது முழங்கால் முழுதாக நீளுவதே இல்லை. பெடல் அடியில் இருக்கும்போதும் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கித்தான் இருக்கும்; பெடல் மேலே வரும்போது ஏறக்குறைய 110 டிகிரி மடங்கும். மூட்டு திருகாது, குதிகால் தரையில் இடிக்காது, உடல் பாரத்தில் பெரும்பங்கைச் சீட்டும் ஹேண்டில்பாரும் தாங்கிக்கொள்ளும். வலிக்கிற கால் கொஞ்சம் ஏமாற்றினால் நல்ல கால் சத்தமில்லாமல் அந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். அதனால்தான் நாலு படி இறங்கத் தடுமாறுகிறவர்கூட நாற்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்துவிடுகிறார்.

இது வரமும்தான், வம்பும்தான். ஆபரேஷன் தேவையா என்று யோசிக்கும்போதும் சரி, செய்த பிறகு தேறிவிட்டோமா என்று பார்க்கும்போதும் சரி, சைக்கிள் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதியைப் படிக்கட்டிலும் கட்டிலிலும் அளவு நாடாவிலும் தேட வேண்டும்.

முதலில், என்ன கிழிந்திருக்கிறது என்பதைப் பெயரோடு கேட்டு எழுதி வாங்குங்கள். "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மெனிஸ்கஸும் ஜவ்வு, லிகமெண்டும் ஜவ்வு. ஆனால் மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் மெத்தை. ஒரு காலில் இரண்டு உண்டு. லிகமெண்ட் எலும்பை எலும்போடு இழுத்துக் கட்டும் கயிறு. முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் ஏசிஎல் அவற்றில் ஒன்று. மூன்றாவதாக, எலும்பு முனைகளில் பூசினாற்போல் இருக்கும் குருத்தெலும்பு. இந்த மூன்றில் எது, ஒரே அடியில் கிழிந்ததா, வருடக்கணக்கில் தேய்ந்து நைந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஆபரேஷன் தேதி குறிக்க வேண்டாம்.

தேய்ந்து நைந்த மெனிஸ்கஸ்தான் நடுத்தர வயதில் அதிகம் ஏமாற்றுவது. எம்ஆர்ஐ அறிக்கையில் "கிழிவு" என்ற சொல்லைப் பார்த்ததும் பதறிவிடுகிறோம். 2008-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரத்தில் நடுத்தர வயதினரும் முதியவர்களுமாக 991 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முழங்காலில் வலியே இல்லை. ஆக, படத்தில் கிழிவும் இருக்கலாம், உங்களுக்கு வலியும் இருக்கலாம். இதனால்தான் அது என்று சொல்லிவிட முடியாது. பின்லாந்தில் 2013-ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு சாராருக்கு ஆர்த்ரோஸ்கோபி மூலம், அதாவது சிறு துளை வழியே கேமராவும் கருவியும் விட்டு, கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். இன்னொரு சாராருக்குத் துளை மட்டும் போட்டு, வெட்டியதுபோல் பாவனை செய்து தைத்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து இரு சாராருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்கு ஆர்த்ரோஸ்கோபி வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது.

அதற்காக, எல்லாருக்கும் உடற்பயிற்சியே போதும் என்று ஆகிவிடாது. அதே 2013-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் பிசியோதெரபி பெற்றவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் ஆபரேஷனுக்கு மாறினார்கள். பயிற்சியை முதலில் முயல்வதால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போவதில்லை என்பதுதான் இதில் நமக்குத் தேவையான செய்தி. ஆபரேஷன் எங்கும் ஓடிப்போகாது.

காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. கிழிந்த மெனிஸ்கஸ் வாளியின் கைப்பிடிபோல் புரண்டு மூட்டுக்குள் சிக்கிக்கொண்டால் காலை நீட்டவே முடியாது. வலி பொறுத்துக்கொண்டாலும் நீளாது, அடுத்தவர் பிடித்து நீட்டினாலும் நீளாது. இதுதான் உண்மையான பூட்டு. சில நாட்களுக்குள் சர்ஜனைப் பார்த்துவிட வேண்டும். காலையில் எழுந்ததும் விறைத்து, நாலு அடி நடந்ததும் விட்டுவிடுகிற பிடிப்பு வேறு. அதைப் பூட்டு என்று டாக்டரிடம் சொன்னால் தேவையில்லாத ஆபரேஷனில் கொண்டுபோய் விடும். இன்னொன்று, குந்தும்போதோ படி இறங்கும்போதோ முழங்காலின் பின்பக்கம் 'டப்' என்று தெறித்து, அன்றிலிருந்து வலி குறையாமல் இருப்பது. மெனிஸ்கஸ் எலும்போடு ஒட்டியிருக்கும் வேர் அறுந்திருக்கலாம். வேர் அறுந்தால் மெத்தை இருந்தும் இல்லாத கதைதான். பாரம் முழுவதும் குருத்தெலும்பில் இறங்கும். இதைத் தள்ளிப்போட்டால் தைக்கிற வாய்ப்பே போய்விடக்கூடும். இளவயதில் விழுந்து புதிதாகக் கிழிந்த மெனிஸ்கஸும் அப்படித்தான். வெட்டி எடுப்பதைவிடத் தைத்துக் காப்பாற்றுவது எவ்வளவோ மேல்.

ஏசிஎல் விஷயத்தில் சைக்கிள்காரர்களுக்கு மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. மிதிப்பதில் திருகலும் இல்லை, சடார் என்று நின்று திரும்புவதும் இல்லை. ஏசிஎல் மேல் விழும் இழுவை சொற்பம். ஸ்வீடனில் 2010-ல் வெளியான ஆய்வில், ஏசிஎல் அறுந்த 121 இளைஞர்களில் பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள்; மீதிப் பேர் முதலில் பயிற்சி செய்து, தேவைப்பட்டால் மட்டும் பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். இரண்டு வருடம் கழித்து இரு அணிகளும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. ஐந்து வருட முடிவில் பயிற்சி அணியில் பாதிப் பேர் ஆபரேஷன் செய்திருந்தார்கள், மீதிப் பாதிக்குத் தேவைப்படவேயில்லை. ஆகவே "சைக்கிள் ஓட்ட முடியுமா" என்பதல்ல உங்கள் கேள்வி, ஓட்ட முடியும். சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றும்போது முட்டி நழுவுகிறதா? படி இறங்கும்போது, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும்போது நழுவுகிறதா? பயிற்சிக்குப் பிறகும் நழுவுகிறது என்றால், ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. அப்போது ஆபரேஷன்தான் சரி. கரடுமுரடான பாதையில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சீக்கிரமே அந்த முடிவுக்கு வர வேண்டியிருக்கும்.

தேய்மானம் முற்றி மூட்டு மாற்று வரை வந்துவிட்டவர்கள் பெரும்பாலும் சைக்கிள் போய்விடுமோ என்று பயந்து தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். மாற்று மூட்டுக்குச் சைக்கிள் உகந்த பயிற்சிகளில் ஒன்று. 2019-ல் பல நாடுகளின் பதிவுகளைத் தொகுத்த ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 சதவீதமும் பகுதி மாற்றுகளில் சுமார் 70 சதவீதமும் 25 வருடம் தாக்குப்பிடிக்கின்றன. எப்போது செய்வது என்பதை எக்ஸ்ரே தீர்மானிக்க விடாதீர்கள். இரவில் வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, நடக்கும் தூரம் மாதாமாதம் குறைகிறதா, ஒழுங்காகச் செய்த பயிற்சிக்கும் மாத்திரைக்கும் அடங்க மறுக்கிறதா என்பவைதான் கணக்கு. மாற்றுவதாக முடிவு செய்துவிட்டால் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். தொற்று அபாயம் கூடும்.

பயிற்சியை முயன்று பார்ப்பது என்றால் பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், எடையோடு. காலைத் தூக்கி இறக்கிவிட்டு "பிசியோ பார்த்தேன், பலனில்லை" என்று சொல்வது நியாயமில்லை. லெக் பிரஸ், படி ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எழுவது, பின்தொடைக்கும் ஆடுசதைக்கும் தனித்தனிப் பயிற்சி. எட்டிலிருந்து பன்னிரண்டு தடவைக்குள் தசை களைத்துப்போகிற அளவு பாரம். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை பாரம் ஏறவில்லை என்றால் அது பயிற்சியே இல்லை. சைக்கிளை இந்தக் காலத்தில் விட வேண்டியதில்லை, முறையை மாற்றினால் போதும். கனமான கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறவர் இலகுவான கியரில் 85–90 சுற்றுக்கு வாருங்கள். அதே வேகத்துக்கு ஒவ்வொரு மிதியிலும் மூட்டில் விழும் அழுத்தம் கணிசமாகக் குறையும். வலி முழங்காலின் முன்பக்கம் என்றால் சீட் தாழ்வாக இருக்கிறதா பாருங்கள். பின்பக்கம் என்றால் உயரமாக இருக்கலாம். மாற்றுவதை 5 மில்லிமீட்டர் அளவில் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

ஆபரேஷன் என்று முடிவான பிறகு கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மெனிஸ்கஸ் ஆபரேஷனில் வெட்டுவதா தைப்பதா என்பது சில சமயம் உள்ளே கேமரா போன பிறகுதான் தெரியும். வெட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் டிரெய்னரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி வீட்டிலேயே மிதிக்க உதவும் ஸ்டாண்ட்) ஏறலாம். தைத்தால் நாலு முதல் ஆறு வாரம் ஊன்றுகோல், 90 டிகிரிக்கு மேல் மடக்கத் தடை, சில மாதங்கள் ஆழமாகக் குந்தக் கூடாது. மயக்கம் தெளிந்ததும் இந்தச் செய்தியைக் கேட்டு அதிர்ச்சியடைவதைவிட, இரண்டுக்கும் விடுப்பு, வீட்டு ஏற்பாடு, துணைக்கு ஆள் எல்லாவற்றையும் முன்பே யோசித்து வையுங்கள். "தைக்க முடிந்தால் தைத்துவிடுங்கள்" என்று சர்ஜனிடம் வாய்விட்டுச் சொல்வதும் நல்லது. ஏசிஎல் என்றால் வீக்கம் வற்றி, கால் முழுதாக நீண்ட பிறகே மேஜைக்குப் போங்கள். விறைத்த முட்டியில் செய்தால் விறைப்பு நிலைத்துப்போகும். புகைப்பவர்கள் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், சர்க்கரை உள்ளவர்கள் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டுமே புண் ஆறுவதையும் தொற்றையும் நேரடியாகப் பாதிப்பவை.

முதல் இரண்டு வாரத்தில் வேலை மூன்றே மூன்று: வீக்கத்தை வற்ற வைப்பது, காலை முழுதாக நீட்டுவது, முன்தொடைத் தசையை எழுப்புவது. மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்தாலே முன்தொடைத் தசைக்குப் போகிற நரம்புக் கட்டளை அடங்கிவிடும்; எவ்வளவு மனம்வைத்தாலும் இறுகாது. அது சோம்பல் இல்லை, உடல் தானாகப் போடும் தடை. நீர் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். காலை நீட்டிப் படுத்து, முழங்கால் சில்லின் உள்பக்கக் குழியை உள்ளங்கையால் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று தடவை வழியுங்கள். குழி தெளிவாகத் தெரியும். இப்போது சில்லின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை வழித்தால், உள்பக்கக் குழியில் ஒரு சிற்றலை மெல்ல எழும்பி நிரம்பும். அலை வந்தால் நீர் இருக்கிறது. வழிக்கவே தேவையில்லாமல் குழி நிரம்பியே இருந்தால் நிறைய இருக்கிறது.

வசதியாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதுதான் இந்த நாட்களில் நடக்கும் பெரிய தவறு. அந்த மடக்கிலேயே மூட்டு உறைந்துவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் தொங்கித் தானாக நீளட்டும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. ஐஸ் வைப்பதானால் துணி சுற்றி 15–20 நிமிடம். ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள், இரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசரப் பிரிவுதான். காய்ச்சலோடு காயத்தில் கசிவோ, நாளுக்கு நாள் கூடும் சிவப்போ இருந்தாலும் அப்படியே.

டிரெய்னரில் ஏறும் நாளை நாள்காட்டி சொல்லாது, கோணம் சொல்லும். முழுச் சுற்று சுற்ற 105 முதல் 110 டிகிரி மடங்க வேண்டும். அதற்கு முன் பெடலை முன்னும் பின்னும் தொட்டில்போல் ஆட்டுங்கள். இறுகும் இடத்தில் இரண்டு விநாடி நிறுத்தித் திரும்புங்கள். முதல் முழுச் சுற்று பின்னோக்கிச் சுற்றும்போதுதான் பெரும்பாலும் வரும். சீட்டை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்த்திக்கொண்டால் சுலபம். மடக்கம் வந்ததும் மறக்காமல் இறக்கிவிடுங்கள். யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மடங்காத முட்டிக்காக இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போனால் சுற்று வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இடுப்பு கடன் கொடுத்திருக்கிறது. மடக்கம் நிரந்தரமாகவே குறைந்துவிட்டவர்களுக்குக் குட்டை கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) கைகண்ட வழி. கிராங்கை 10 மில்லிமீட்டர் குறைத்து, அதே அளவு சீட்டை உயர்த்தினால், மேலே வரும் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் கூடுதல் இடம் கிடைக்கும்.

ஏசிஎல் மாற்றியவர்களுக்குப் பொதுவாக இரண்டு முதல் நாலு வாரத்தில் டிரெய்னர் கைகூடும். மூட்டு மாற்றியவர்களில் சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு ஆறு வாரம். மெனிஸ்கஸ் தைத்தவர்கள் 90 டிகிரித் தடை நீங்கும்வரை முழுச் சுற்று சுற்றவே கூடாது, கால் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும். உங்கள் சர்ஜன் போட்ட தடைதான் எல்லாவற்றுக்கும் மேல். தையல் எங்கே, எப்படிப் போட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஐந்து நிமிடம், சுமையே இல்லாமல், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அப்படித்தான் தொடக்கம். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் சில்லின் நடுவே அளவு நாடாவைச் சுற்றி அளந்து குறித்துவையுங்கள். நாடா ஒரே இடத்தில் வர, தோலில் பேனாவால் ஒரு புள்ளி. முந்தைய நாளைவிட ஒரு சென்டிமீட்டர் ஏறியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். இன்று பாதியாகக் குறையுங்கள். முதலில் நேரத்தைக் கூட்டி, அரை மணி நேரம் வீக்கமில்லாமல் ஓடிய பிறகே சுமையைத் தொடுங்கள். பின்தொடைத் தசைநாரை எடுத்து ஏசிஎல் வைத்திருந்தால் முதல் ஆறு முதல் எட்டு வாரம் பெடலை மேல்நோக்கி இழுக்கக் கூடாது. மெனிஸ்கஸின் பின்பகுதியைத் தைத்தவர்களுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும். ஏசிஎல்காரர்கள் இன்னொன்றை மனதில் வைக்க வேண்டும். புதிதாக வைத்த நார் உள்ளே உருமாறும் காலத்தில், அதாவது ஏறக்குறைய ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில், பலவீனமாக இருக்கும். கால் லேசாகி உற்சாகம் வருவதும் அதே வாரங்களில்தான்.

சைக்கிள் மறைக்கும் இரண்டு குறைகளை இந்தக் கட்டத்தில் வேட்டையாட வேண்டும். முதலாவது, கடைசி சில டிகிரி நீட்டல். குப்புறப் படுத்து, முழங்காலுக்குக் கீழே கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள். இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரி. ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு நீட்டல் குறைந்துகொண்டே வந்து, நீட்டி முடிக்கும் இடத்தில் முன்பக்கம் 'டொக்' என்று இடித்தால் உள்ளே தழும்பு முடிச்சு வளர்ந்திருக்கலாம். மிதித்து அதைச் சரிசெய்ய முடியாது, சர்ஜனிடம் காட்ட வேண்டும். மூட்டு மாற்றியவர்கள் ஆறாவது வாரத்திலும் 90 டிகிரி மடங்காவிட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, இரு கால்களின் பலம். சில்லுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் தொடையை அளந்து ஒப்பிடுங்கள். பவர் மீட்டர் (மிதிக்கும் திறனை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் அது எந்த வகை என்று பாருங்கள். இடது கிராங்கில் மட்டும் இருப்பது இடது காலை அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டுவது. ஆபரேஷன் வலது காலில் என்றால், இடது கால் கூடுதலாக உழைக்க உழைக்க எண் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சைக்கிள் மிதித்தால் மட்டும் தசை சமமாகிவிடாது. எடைப் பயிற்சி குறைந்தது ஆறு மாதம், ஏசிஎல் என்றால் ஒரு வருடம்.

சாலைக்கு வருவது தனிக் கலை. மிதிப்பதில் இல்லாத ஆபத்தெல்லாம் ஏறுவதிலும் இறங்குவதிலும் இருக்கிறது. ஆபரேஷன் செய்த காலில் நின்றபடி மற்றக் காலைத் தூக்கிப் போடும்போது முட்டி திருகும். சைக்கிளை நன்றாகச் சாய்த்து, காலை முன்னால் எடுத்து நுழையுங்கள், அல்லது ஒரு மேடையோரம் நிறுத்தி ஏறுங்கள். நிற்கும்போது ஊன்றுவது எப்போதும் நல்ல கால். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலில் குதிகாலை வெளிப்பக்கம் திருகித்தான் விடுவிக்க வேண்டும். தைத்த மெனிஸ்கஸுக்கும் புது ஏசிஎல்லுக்கும் அந்தத் திருகல் ஆகவே ஆகாது. முதல் சில மாதங்கள் தட்டைப் பெடல்தான். திரும்பக் கிளீட் (ஷூவின் அடியில் இருந்து பெடலில் பூட்டும் கட்டை) போடும்போது பெடல் ஸ்பிரிங்கை முழுதாகத் தளர்த்துங்கள். ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் என்றால் 6 டிகிரி அசைவு தரும் மஞ்சள் கிளீட் போடுங்கள், அசையவே விடாத சிவப்பு வேண்டவே வேண்டாம். தடத்தைச் சமதளமாக, நினைத்த இடத்தில் வீடு திரும்பும்படி வட்டமாக அமைத்துக்கொள்ளுங்கள். கூட்டமாகப் போகிறவர்களோடு சேர்வது பிறகு. அவர்கள் வேகத்துக்கு உங்கள் முட்டி ஒப்புதல் தரவில்லை.

வடுவுக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துப்போய் இருப்பது சகஜம். அதற்காகக் கவலைப்பட்டுப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

கடைசியாகத் திரும்பக் கிடைப்பது எழுந்து நின்று ஏற்றம் மிதிப்பது. 20 சென்டிமீட்டர் படியில் ஆபரேஷன் செய்த காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெல்ல இறங்கி ஏறுங்கள். முட்டி உள்பக்கம் சாயாமல், இடுப்பு சரியாமல் பத்து தடவை வந்து, மறுநாள் காலை நாடாவில் மாற்றமில்லை என்றால், லேசான ஏற்றத்தில் முப்பது விநாடி எழுந்து நின்று பாருங்கள்.